தமிழ்க் குறிப்பேட்டுச் செருகுநிரல்கள் தேடுவோர் கண்ணில் பட என்ன செய்யலாம்?

தோட்டக்குறிப்பு (சுங்கை சிப்புட், மலேசியா) கேட்டது:

வணக்கம். எங்கள் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்களின் நினைவுகளை எங்கள் குழு ஜோப்லின் என்ற குறிப்பெடுக்கும் செயலியில் தொகுத்து வருகிறது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, பால்மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை வந்துவிட்டதால், எந்தக் குடும்பம் எந்தத் தோட்டத்தில் இருந்தது என்பதை இப்போதே எழுதி வைத்தாக வேண்டும்.

பெயர்களை வெறும் யுனிகோடு எண் (கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள எண்) வரிசைப்படி அடுக்கினால், மெய்யெழுத்துகளில் கடைசியாக வர வேண்டிய னகரம் பகரத்தை முந்திக்கொள்வதால், கனகம்மாள் கபாலிக்கு முன்னே போய்விடுகிறார். குழுவிலுள்ள தம்பி ஒருவர் இதைச் சரிசெய்யும் செருகுநிரலை (செயலியோடு இணைத்துக்கொள்ளும் சிறு நிரல்) எழுதி, யாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறார். ஆனால், கூலிமில் இதே பணியைச் செய்யும் ஒருவர் அப்படியொன்று இருப்பதே தெரியாமல் அதே கருவியை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். தேவைப்படுவோர் இதனை எளிதாகக் கண்டுபிடிக்க வழி என்ன?

நிரல்வாணன்:

வணக்கம் அக்கா. ஜோப்லின் அமைப்புகளிலுள்ள செருகுநிரல் தேடல், பெயரிலும் விளக்கவரியிலும் நாம் தட்டிய எழுத்துகள் அப்படியே இருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறது. விளக்கம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், ‘அகரவரிசை’ என்று தேடும் ஆசிரியருக்கு அது தென்படவே செய்யாது. ஆகவே செருகுநிரலின் விவரங்கள் அடங்கிய மேனிஃபெஸ்ட் கோப்பின் விளக்கவரியில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இடம்பெறட்டும். அதில் கருவி இயங்கும் விதத்தை எழுதாமல், தேடுபவருடைய தேவையை எழுத வேண்டும். ‘ஒப்பீட்டுச் சார்பை மாற்றும்’ என்பது நிரலருக்கு மட்டுமே புரியும். ‘குறிப்புகளைத் தமிழ் அகரவரிசையில் அடுக்கும்’ என்பது எல்லாருக்கும் புரியும். அதே கோப்பில் பயன்பாட்டு வகையையும் திரைப்பிடிப்புகளையும் சேர்க்க இடமுண்டு. பலர் அவற்றை வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள்.

செம்பனைச்சாலை:

நம் குழுக்களில் உள்ள அனைவரும் அதனை நிறுவிப் பதிவிறக்க எண்ணிக்கையை உயர்த்தினால் பட்டியலில் மேலே வந்துவிடுமே?

மதிவாணி (தெலுக் இந்தான்):

அந்த வழியை நான் ஏற்கவில்லை, ஐயா. அப்சிடியன் என்ற மற்றொரு குறிப்பேட்டுச் செயலியின் செருகுநிரல் பட்டியலைப் பதிவிறக்க எண்ணிக்கைப்படி அடுக்கிப் பாருங்கள்: ஏற்கெனவே பலரும் வைத்திருப்பவை முதலில் தெரிவதால் மேலும் பலர் அவற்றையே நிறுவுகிறார்கள். மலேசியாவில் தமிழில் குறிப்பெடுப்போர் எல்லாரும் சேர்ந்தாலும், உலகம் முழுவதும் பயன்படும் நாட்காட்டிக் கருவியின் எண்ணிக்கையை எட்ட முடியாது. ஒரு சிறு சமூகத்திற்கு இன்றியமையாத கருவியை அந்த எண் ஒருபோதும் அடையாளம் காட்டாது.

நிரல்வாணன் சொன்னதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்த் தேடலில் பலரையும் திகைக்க வைப்பது இதுதான். ‘தோட்டம்’ என்ற சொல்லிலுள்ள ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் பதிக்கலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் பதிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால், இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கத்தைத் தேடல் செய்யாவிட்டால், ஒரு விசைப்பலகையில் எழுதிய சொல் மற்றொரு விசைப்பலகையில் தேடுபவருக்குக் கிடைக்காது. ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலைதான். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் இயல்பாக்கத்துக்கென ஆயத்தச் செயற்கூறு இருப்பதால், தேடப்படும் சொல்லையும் விளக்கவரியையும் அதன் வழியாகச் செலுத்திய பிறகு ஒப்பிட்டால் போதும். ஜோப்லின் திறந்த மூல மென்பொருள் என்பதால் இந்தத் திருத்தத்தை நாமே எழுதி அனுப்பலாம். பயன் நம் கருவியோடு நிற்காமல், தமிழில் தேடும் எல்லாருக்கும் சேரும்.

நூலகத்துறைச் சண்முகம்:

தேவைவாரியாக ஒரு தமிழ்ப் பட்டியலும் வேண்டும். வாய்மொழி வரலாறு, பாடக்குறிப்பு, கோயில் கணக்கு என்று பணியைத் தலைப்பாக வைத்து, அதற்கு உதவும் கருவிகளை அதன்கீழ் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, கைப்பேசியில் இயங்குமா, மூலநிரல் எங்கே உள்ளது என்ற மூன்றையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். செருகுநிரல் நம் குறிப்புகள் அனைத்தையும் படிக்கக்கூடியது. அப்சிடியன் தொடக்கத்தில் சமூகச் செருகுநிரல்களை முடக்கியே வைத்திருப்பது இந்தக் காரணத்தால்தான். முதியவர்கள் நம்மை நம்பிச் சொன்ன குடும்பச் செய்திகள் அந்தக் குறிப்பேடுகளில் இருக்கும்போது, பராமரிப்பாரற்ற கருவியைப் பட்டியலில் விட்டு வைக்கக் கூடாது.

தோட்டக்குறிப்பு:

அனைவருக்கும் நன்றி. விளக்கவரியை இரு மொழிகளிலும் தம்பி மாற்றி எழுதுகிறார். பட்டியலைக் கூலிம் நண்பரோடு சேர்ந்து தொடங்குகிறோம். அவர் எழுதியதில் கிரந்த எழுத்துகளை வரிசைப்படுத்தும் பகுதி எங்களுடையதைவிடச் சிறப்பாக இருப்பதால் இரண்டையும் ஒரே செருகுநிரலாக்க இசைந்திருக்கிறார். மதிவாணி அக்கா, இயல்பாக்கத் திருத்தத்தைச் சோதிக்க, வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டிய தோட்டப் பெயர்களை எங்கள் தொகுப்பிலிருந்து தருகிறோம்.