கடை வீடியோவில் நம்ம ஆட்களையே பேச வைத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஈரோட்டுச் சேலைக்கடை:
எங்கள் சேனலில் சேலை காட்டுவது முழுக்க ஒரே பெண்தான். மாடல் எல்லாம் இல்லை, கவுண்டரில் நிற்கிற பெண். முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இது சுங்குடிங்க, முதல் ரெண்டு தண்ணியில சாயம் கொஞ்சம் போகும், தனியா அலசுங்க" என்பாள். அப்படி உள்ளதைச் சொல்லியே நிறைய விற்றாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டார் ஜவுளி எடுக்க எங்கள் கடைக்கே வந்தார்கள். பில் போடும்போது மாப்பிள்ளையின் சித்தப்பா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வீடியோவுக்குக் கீழே எவனோ எழுதியிருக்கிறான்: "சேலை விலை சரி, உன் விலை என்ன?" அதைச் சத்தமாக வாசித்தும் காட்டினார். அவள் பக்கத்தில் நின்று பையில் சேலையை வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள், "அண்ணா, எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்றாள். எடுத்தால் பாதிச் சேனல் காலி. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கிரைண்டர் யூனிட், கோவை:
என் கதை வேறு மாதிரி. டேபிள் டாப் கிரைண்டர் வீடியோவுக்கு எங்கள் பிட்டர் அண்ணனை நிறுத்தினோம். வீடியோ எடுக்க வந்த பையன் "எமது தயாரிப்பின் சிறப்பம்சங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு திருக்குறள் ஒப்பிப்பது போல் ஒப்பித்தார். நடுவில் திடீரென்று நிறுத்திவிட்டு பிரேமை விட்டே போய்விட்டார். பின்னால் டெஸ்டிங்கில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்மேல் காதை வைத்து, "கல்லு டிரம்முல தட்டுது, இதை அனுப்பாதீங்க" என்று சுவிட்சை அணைத்தார். சட்டையில் மைக் அப்படியே இருந்ததால் எல்லாம் பதிவாகிவிட்டது. பையன் வெட்டலாம் என்றான், நான் அதை மட்டும் போடச் சொன்னேன். டீலர் போன் போட்டு, "உங்க மெஷின்ல கோளாறுன்னு நீங்களே காட்டுறீங்களே" என்று கத்தினார். ஆனால் அந்த அண்ணன் காது வைத்துப் பார்த்த மெஷின்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்களும் உண்டு. போட்டது சரிதானா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

முன்னாள் சேல்ஸ் கேர்ள்:
ஈரோட்டு அண்ணனுக்கு: பாதிச் சேனல் காலியாகும் என்று கணக்குப் பார்க்கிறீர்களே, அந்தப் பாதிக்கு அவளுக்குத் தனியாக என்ன கொடுத்தீர்கள்? நானும் லைவ் போட்டவள்தான். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்தாயிற்று. எங்கள் கடையிலும் ஸ்டூல் போட்டார்கள். லைவ் தொடங்கினால் அது பிரேமில் தெரியக் கூடாது என்று குடோனுக்குப் போய்விடும். மாதவிடாய் நாளில் ஒரு முறை சுவரில் சாய்ந்தேன். "அந்த அக்காவுக்குச் சோம்பலா?" என்று கமெண்ட் வந்தது. ஓனர் அதற்கு ஒரு சிரிப்பு எமோஜி போட்டார். அந்த எமோஜியை என்னால் மறக்க முடியவில்லை.

விளம்பர ஆலோசகர்:
எனக்குப் பெரிய அனுபவம் இல்லை. ஒரு பர்னிச்சர் கடையில் வீடியோவில் வந்த பையன் எதிர்க்கடைக்கு வேலைக்குப் போனான், வாடிக்கையாளர்களும் பின்னாலேயே போனார்கள். அதனால் சொல்கிறேன். ஒரே முகத்தை நம்பாதீர்கள், மூன்று நான்கு பேரை மாற்றி மாற்றி நிறுத்துங்கள். வசந்த் அண்ட் கோ, லலிதா ஜுவல்லரி விளம்பரங்களில் முதலாளியே வந்து நின்றார், முதலாளி வேலையை விட்டுப் போக மாட்டார். கூச்சப்படுகிறவர்களுக்குக் கையை மட்டும் காட்டினாலே போதும். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், அதை வேலைக்குச் சேரும் பாரத்தோடு சேர்க்காதீர்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. கமெண்ட்டில் கெட்ட வார்த்தைகளைத் தடுக்க யூடியூபிலேயே வசதி இருக்கிறது, தமிழிலும் தங்கிலீஷிலும் சேர்த்துக் கொடுங்கள். ஊழியரின் சொந்த நம்பரைத் திரையில் போடவே போடாதீர்கள். அப்புறம் மைக். போன் மைக்கில் எடுத்தால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும், காலர் மைக் வாங்குங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் காப்புரிமைச் சிக்கல்...

முன்னாள் சேல்ஸ் கேர்ள்:
சார், இங்கே யாரும் மைக் பற்றிக் கேட்கவில்லை.

கிரைண்டர் யூனிட், கோவை:
நான் கேட்கிறேன். காலர் மைக்கில் மோட்டார் இரைச்சல் அடங்குமா?

ஈரோட்டுச் சேலைக்கடை:
தங்கச்சி கேட்டது நியாயம்தான், தனியாக ஒன்றும் கொடுத்ததில்லை. வீடியோக்களை பிரைவேட் ஆக்கிவிட்டேன். ஆனால் ரீசெல்லர்கள் ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கிறார்கள். நேற்றுகூட ஒரு வாட்ஸப் குரூப்பில் அவள் பேசுகிற வீடியோ வேறு யாருடைய நம்பரோடோ ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுக்க வைக்க யாரிடம் போக வேண்டும், சைபர் கிரைமா?