எங்ரேவிங்: ‘செப்போவியம்’ வேண்டாம், ‘செதுக்கச்சு’ன்னு வைக்கலாமே

ஐயா, எங்ரேவிங், அதாவது செப்புத் தகட்டுல உளியால படத்தைச் செதுக்கித் தாள்ல அச்செடுக்கிற கலை, அதுக்குத் தமிழ்ச் சொல்லா நீங்க சொன்ன ‘செப்போவியம்’ காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு ஒப்பல. செப்புத் தகட்டு மேலயே எண்ணெய் வண்ணத்துல தீட்டின படங்களும் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு நெதர்லாந்துல நிறைய உண்டு, அதை எப்படிப் பிரிச்சுச் சொல்றது? அதைவிட முக்கியம், சொல்லுக்குள்ள ‘அச்சு’ இல்லேன்னா இந்தக் கலை சமூகத்துல செஞ்ச வேலையே வெளிய தெரியாமப் போயிடும்.

நெதர்லாந்து ஓவியர் லூக்காஸ் வான் லெய்டன் 1510ல செதுக்கின ‘எக்கே ஹோமோ’வைப் பாருங்க, ரோம ஆளுநர் பிலாத்து இயேசுவை ஜனங்க முன்னாடி நிறுத்துற காட்சி. இயேசு தள்ளி மேடைமேல சின்னதா நிக்கிறார், முன்னாடி பூரா ஊர்த்திடலும் வேடிக்கை பாக்கிற கூட்டமும்தான், அதுவும் முதுகைக் காட்டிக்கிட்டு, அதனால படத்தைப் பாக்கிறவங்களும் அந்தக் கூட்டத்துல ஒருத்தரா ஆயிடறாங்க. இது கோயில் சுவர்ல இருந்த படம் இல்ல, காசு குடுத்து வாங்கி வீட்டுல வச்சுக்கிட்ட தாள்!

1566ல நெதர்லாந்துல சிலை உடைப்புக் கலவரம் நடந்து, அப்புறம் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபைகள் கோயில்லேர்ந்து படங்களை எடுத்தப்பவும் வீட்டுக்குள்ள விவிலியக் கதைப் படங்கள் தொடர்ந்துச்சுன்னா இந்தத் தாள்களுக்கு அதுல பெரிய பங்கு உண்டு. ஓவியர் மார்ட்டன் வான் ஹேம்ஸ்கெர்க் வரைஞ்சு குடுக்க கோர்ன்ஹெர்ட் மாதிரி ஆளுங்க செதுக்கினாங்க, கெட்ட குமாரன் கதை, தோபித்துங்கிற பக்திமானோட கதைன்னு பெத்தவங்க பிள்ளைங்க உறவு, தர்மம், நன்னடத்தை எல்லாம் வரிசையாப் படமா வந்துச்சு. கோர்ன்ஹெர்ட்டே ஒழுக்கநெறி பத்தி 1586ல தனி நூல் எழுதினவர், அதனால அவருக்கு இது வெறும் கூலி வேலையா இருந்திருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது.

‘கீறலச்சு’ன்னு இன்னொரு நண்பர் சொன்னது ஊசியால கீறுற டிரைபாயின்ட்டுக்கு அழகாப் பொருந்தும், அதை அங்க வச்சுக்கலாம். எங்ரேவிங்ல உளி செம்பைச் சுருள் சுருளா வழிச்சு எடுக்குது, அந்தப் பள்ளத்துல மை நிரப்பி, மேல்பரப்பைத் துடைச்சுட்டு, ஈரத்தாளை வச்சு உருளை அச்சுல அழுத்தி எடுக்கணும். அதனால ‘செதுக்கச்சு’. அமிலம் அரிக்கிற எட்சிங் ‘அரிப்பச்சு’. மரத்துலயும் செதுக்கத்தானே செய்யறாங்கன்னு கேப்பீங்க, ஆனா அங்க கோடுகளை அப்படியே விட்டுட்டு மத்ததைத்தான் வெட்டி எடுக்கறாங்க, ‘மரக்கட்டை அச்சு’ன்னு வழக்கத்துல இருக்கறதே போதும்.

இன்னொண்ணும் முடிவு பண்ணணும். தாளோட அடியில இன்வெனிட், ஸ்கல்ப்சிட், எக்ஸ்குடிட்னு லத்தீன்ல பேர் போடுவாங்க. முதல் ரெண்டுக்கும் ‘வரைந்தவர்’, ‘செதுக்கியவர்’ போதும். எக்ஸ்குடிட்டுக்கு ‘அச்சிட்டவர்’னு போட்டா பிரஸ்ஸை ஓட்டினவர்னு ஆயிடும், தகட்டை வச்சிருந்து தாளை வெளியிட்டு வித்தவரைத்தான் அது சொல்லுது, அதுக்கு ‘வெளியிட்டவர்’ சரியா, இல்ல ‘பதிப்பித்தவர்’ சரியா?