புதுப்பிப்பு: மெஸ்கால் கருப்பட்டி காக்டெய்லில் கசப்பு போய்விட்டது

மெஸ்காலில் (அகேவ் என்ற கற்றாழை போன்ற செடியிலிருந்து வடிக்கும் மெக்சிகோ மது) மிளகாயை ஊறவைத்துக் கருப்பட்டிப் பாகு சேர்த்தால் தொண்டை எரிகிறது, கடைசியில் கசக்கிறது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்ன வழி: மிளகாயைப் பாகில் போடுவது. உடன்குடிக் கருப்பட்டி 100 கிராம், தண்ணீர் 100 மி.லி.; கரைந்ததும் இறக்கி, மண் போக வடிகட்டினேன். அந்தச் சூட்டில் விதை நீக்கிய பச்சை மிளகாய் ஒன்று, 10 நிமிடம் மட்டும். ஆறியதும் மெஸ்கால் 45, எலுமிச்சைச் சாறு 20, பாகு 20 மி.லி., ஐஸ் போட்டு நன்றாகக் குலுக்கினால் சரி.

எதிர்பாராதது, கசப்புக்குக் காரணம் மிளகாய் இல்லை. முன்பு பாகைக் கெட்டியாகும்வரை காய்ச்சிக் கருக விட்டிருக்கிறேன். அப்புறம், குழியில் சுட்ட அகேவின் புகைமணத்தோடு கருப்பட்டி வாசம் அவ்வளவு அழகாகச் சேர்கிறது!