நியூரல் கோரிலேட்: தமிழில் என்ன சொல்வது?

சென்னையிலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி உளவியல் மாணவர்களுக்கு ஒரு பாடம் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஞானம் அடைவதை அறிவியலால் விளக்க முடியுமா, நிறுவ முடியுமா என்பது பாடத்தின் கேள்வி. 2004-ல் வெளிவந்த விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வு அதில் வருகிறது. திபெத்திய பௌத்த மரபில் 10,000 முதல் 50,000 மணி நேரம் வரை தியானம் பழகிய 8 பேர். அவர்கள் கருணைத் தியானத்தில் அமர்ந்தபோது மூளையில் காமா அலைகள் என்னும் வேகமான மின்னலைகள், ஒப்பிட வந்த 10 மாணவர்களைவிட மிக வலுவாக எழுந்தன. ஓர் அனுபவத்தின்போது மூளையில் கூடவே காணப்படும் இப்படிப்பட்ட அலையைத்தான் 'நியூரல் கோரிலேட்' என்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் 'நரம்பியல் காரணி' என்று இருக்கிறது. அதை விட்டுவைக்க மனம் வரவில்லை. காரணி என்று எழுதினால் பாடத்தின் கேள்விக்கு நாமே பதில் எழுதிவிடுகிறோம்.

கோவையிலிருந்து

'கோரிலேஷன்' என்பதற்கு 'ஒட்டுறவு' இருக்கிறதே. பள்ளிப் புள்ளியியலில் 'ஒட்டுறவுக் கெழு' படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். 'நரம்பு ஒட்டுறவு' என்றால் எந்த மாணவருக்கும் புரியும். புதிதாக ஒன்றைக் கட்டி மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம்.

மதுரையிலிருந்து

ஒட்டுறவு இரண்டு அளவைகளுக்கு நடுவே உள்ள எண். இங்கே நமக்கு வேண்டியது கூட நிகழும் ஒன்றின் பெயர். நன்னூலார் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்வு என்று பொருள் சொன்னார். வாளால் வெட்டினான் என்பது கருவி. ஆசிரியனொடு மாணாக்கன் வந்தான் என்பது உடனிகழ்வு. யாரால் யார் வந்தார் என்பதை அந்த 'ஒடு' சொல்லாது, வந்ததை மட்டும் சொல்லும். மூளையால் ஞானமா, மூளையோடு ஞானமா? ஆய்வு காட்டியிருப்பது 'ஓடு'. பாடத்தைப் படிப்பவர் 'ஆல்' என்று எடுத்துக்கொள்கிறார். ஆகவே 'நரம்பு உடனிகழ்வு'.

இன்னொன்று. 1896-ல் எங்கள் மதுரையில் 16 வயது வேங்கடராமனுக்கு மரண அனுபவம் வந்தது. பின்னாளில் அவர் ரமணர். மனித மூளையின் மின்னலையை ஹான்ஸ் பெர்கர் முதலில் பதிவு செய்தது 1924-ல். கருவி முன்பே இருந்து அந்த வீட்டு மாடியில் வைத்திருந்தாலும் 'ஓடு'தானே பதிவாகியிருக்கும்? நரம்பு என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். சங்கப் பாட்டில் அது யாழின் நரம்பு...

திருச்சியிலிருந்து

ஐயா, யாழுக்குப் போகுமுன் ஒரு வார்த்தை. நான் மருத்துவமனையில் ஈ.ஈ.ஜி., அதாவது மூளையின் மின்னலைப் பதிவு, எடுப்பவன். தலைமுடியை வகிர்ந்து, தோலைத் தேய்த்துத் துடைத்து, பசை வைத்து ஒவ்வொரு மின்முனையாக ஒட்டுவேன். 'கண்ணை மூடுங்க' என்றதும் பின்மண்டைப் பக்கம் ஆல்ஃபா அலை சீராக வரும், 'திறங்க' என்றால் அடங்கும். நோயாளி பல்லைக் கடித்தால் கோடு முழுக்கப் புதர் மண்டிவிடும். தாடைத் தசையின் மின்சாரம் அது, காமா அலைவரிசையிலேயே கலக்கும். அதைப் பிரித்தெடுப்பதே பெரும் வேலை. பல்லைக் கடிப்பதும் உடன் நிகழ்வதுதானே! அதற்கும் இதற்கும் வேறுபாடு காட்டாத சொல் எங்களுக்குப் போதாது.

யாழ்ப்பாணத்திலிருந்து

மதுரை ஐயா கோபிக்கக் கூடாது. 'உடனிகழ்வு' என்றால் எங்கள் மாணவர் தற்செயல் என்றே விளங்கிக்கொள்வார்கள். தொல்காப்பிய உரைகளில் 'ஊசியொடு குயின்ற தூசும் பட்டும்' என்று வருகிறதே, ஊசியால் தைத்த என்று பொருள், அங்கே ஒடு கருவிதான். நீங்கள் வேலி போட்ட இடத்திலேயே வழி இருக்கிறது.

எனக்குக் கவலை 'நிறுவ' என்ற சொல்லில்தான். எங்களிடம் கணிதத்தில் 'நிறுவுக', நீதிமன்றத்தில் 'எண்பித்தல்'. ஞானத்துக்கு எது? சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், நேரே அறியும் காட்சியளவையிலே, தன் இன்ப துன்பத்தைத் தானே உணரும் தன்வேதனைக் காட்சியைத் தனியாக வைத்தது. இன்னொருவரின் ஞானம் ஆய்வுகூடத்துக்குக் காட்சியாக வராது, கருதலாகத்தான், அதாவது அனுமானமாகத்தான் வரும். அடுக்களையில் புகையையும் நெருப்பையும் ஒன்றாகக் கண்டவனுக்குத்தான் மலைப்புகை நெருப்பைச் சொல்லும். ஞானத்தையும் அலையையும் ஒன்றாகக் கண்ட அடுக்களை எங்கே இருக்கிறது? அந்த 8 பேரும் ஞானிகள் என்று ஆய்வு சொல்லவே இல்லையே. தியானம் பழகிய மணிக்கணக்கைத்தான் சொன்னது.

மதுரையிலிருந்து

அம்மா, ஊசியொடு குயின்றதை மறந்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பழைய ஆட்சி. இன்று யாரும் 'கத்தியோடு வெட்டினேன்' என்று எழுதுவதில்லை.

கோவையிலிருந்து

மூன்றாம் வேற்றுமை தெரிந்தால்தான் புரியும் சொல்லை உளவியல் வகுப்பில் எப்படிப் புழங்கவைப்பது? என் வாக்கு இப்போதும் ஒட்டுறவுக்கே.

சென்னையிலிருந்து, வியாழன்

எனக்கு உடனிகழ்வே பொருந்துவதாகப் படுகிறது. 'மூளை உடனிகழ்வு' என்று போடுகிறேன். நரம்பை விட்டுவிட்டேன், மதுரை ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். திருச்சி நண்பர் சொன்ன பல்கடியை அப்படியே ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டேன். மாணவர்களுக்கு ஆல், ஓடு வேறுபாடு அதில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆய்வு வரும் இடத்தில் 'ஞானிகள்' என்று இருந்ததைத் 'தியானம் பழகியவர்கள்' என்று திருத்தினேன். தலைப்பில் 'நிறுவ' நிற்கிறது, வேறு கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து

நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அடுத்த பாடத்தில் 'கோரிலேஷன்' வரும், அங்கே ஒட்டுறவு என்றுதான் எழுதப்போகிறீர்கள். மூலத்தில் இரண்டும் ஒரே வேர் என்பது பிள்ளைக்கு எப்படித் தெரியும்?