தலைவர்களைப் பற்றிய கமெண்ட்: உங்களை உறுத்தியது எது?

தென்காசிக்காரன்:
கேப்டன் விஜயகாந்த் மீம் எல்லோருக்கும் தெரியும், விளக்க வேண்டாம். 2016 தேர்தல் சமயம். சித்தப்பா மகன் அவர் பேச்சு குழறும் வீடியோவைக் கூடத்தில் சத்தமாக ஓடவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். கட்டிலில் அப்பா, பக்கவாதம் வந்து வாய் இழுத்துக்கொண்டிருந்த நேரம். காபி வேணுமா என்று அம்மா கேட்டார். எப்படியாவது திக்கித் திணறிச் சொல்லிவிடுகிறவர், அன்றைக்கு வாயைத் திறக்காமல் டம்ளரை விரலால் காட்டினார். 2023 டிசம்பர் 28ல் விஜயகாந்த் போனதும் அதே தம்பி 'கருப்பு எம்.ஜி.ஆர்.' என்று அழுகை எமோஜியோடு ஸ்டேட்டஸ்!

இட்லிப்பொடி:
அண்ணே, அப்பா விஷயம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2011ல் 29 எம்.எல்.ஏ.வோடு எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தவர் அவர். ஆட்சியைக் கேட்கிறவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஜனங்கள் கேட்கக் கூடாதா? 2016ல் ஜெயலலிதா அப்போலோவில் 75 நாள் இருந்தபோது வதந்தி பரப்பியதாகச் சிலரைக் கைதே செய்தார்கள். என் நண்பன் 'முதல்வர் போட்டோ ஒன்று வெளியிடலாமே' என்று மட்டும்தான் எழுதியிருந்தான், அதற்கே அவன் அம்மா ராத்திரியோடு ராத்திரியாகப் போனைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டார்.

ஓய்வு வாத்தியார்:
2018 ஆகஸ்டில் காவேரி மருத்துவமனை வாசலில் கலைஞருக்காக ஜனம் அழுதுகொண்டிருக்க, எங்கள் ஸ்டாஃப் ரூமில் எந்தத் தேதி என்று பந்தயம் கட்டினார்கள். அது கிடக்கட்டும். தம்பிகளா, இணையத்தில் எழுதியதற்குக் கைது செய்யப் பயன்பட்ட ஐ.டி. சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015லேயே ரத்து செய்துவிட்டது என்று தெம்பாக இருக்காதீர்கள், அவதூறு வழக்கு அப்படியேதான் இருக்கிறது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றச் சட்டத்தில் 356வது பிரிவு. கொள்கையைத் திட்டுங்கள், ஊழலைத் திட்டுங்கள், சட்டசபையில் பேசியதைக் கிழியுங்கள். உடம்பு, குடும்பம், சாதி பக்கம் போகாதீர்கள். வந்ததையெல்லாம் ஃபார்வர்டு செய்யாதீர்கள், யார் எழுதியது என்று பாருங்கள். குடும்ப குரூப்பில் அரசியலே வேண்டாம், கல்யாணம் காட்சி என்றால் முகத்தில் முழிக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் கமெண்ட் போடாமல் படுத்துத் தூங்குங்கள்.

மாவாட்டி:
சார், அட்வைஸ் யார் கேட்டார்கள்? பந்தயம் கட்டியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை எழுதவே இல்லையே! நான் தமிழிசை சௌந்தரராஜனின் பா.ஜ.க. கட்சிக்கு ஓட்டுப் போட்டதே இல்லை. டாக்டருக்குப் படித்து ஒரு கட்சியின் மாநிலத் தலைவராக இருந்தவர், அவர் என்ன பேசினாலும் கீழே தலைமுடியைப் பற்றித்தான் கமெண்ட். அப்படி ஒரு மீமை ஆபீஸில் எனக்குக் காட்டியவர், அப்படியே நிமிர்ந்து என் தலையைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை சிரித்தார். எனக்கும் சுருட்டை முடி.

தென்காசிக்காரன்:
இட்லிப்பொடி தம்பி, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது வேறு. நான் சொன்ன வீடியோவில் கேள்வியே கிடையாது, அவர் குழறுகிற இடத்தில் கழுதைச் சத்தம் சேர்த்திருந்தார்கள். உங்கள் நண்பர் போஸ்ட் கண்ணில் பட்டிருந்தால் நானே லைக் போட்டிருப்பேன்.