லொஃப்டில் (கூரையடி வெளியில்) சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் இருந்தும் ஈபிசி (வீட்டின் எரிசக்தித் திறன் சான்றிதழ்; ஏ சிறந்தது, ஜி மோசமானது) டி தரத்திலிருந்து ஈ ஆகிவிட்டது. என்ன செய்யலாம்?

ஈஸ்ட்ஹாம்வாசி | 2025 நவம்பர் 8

வணக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் எனக்கு ஒரு தொடர் வீடு இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடம், உள்ளே இடைவெளி இல்லாத ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். பதினோரு ஆண்டுகள் இரவு வேலை செய்து வாங்கியது. இப்போது ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது; கைக்குழந்தையும் உண்டு.

2015இல் எடுத்த ஈபிசி சான்றிதழில் 60 புள்ளி, டி தரம். பத்து ஆண்டு முடிந்ததால் போன மாதம் புதிதாக எடுத்தேன். 52 புள்ளி, ஈ தரம்! இடையில் வீட்டுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை. பழைய பாய்லரை மாற்றினேன். லொஃப்டில் சாமான் வைக்க இன்சுலேஷனுக்கு மேல் பலகை அடித்தேன், அவ்வளவுதான். கணிக்க வந்தவர் ஒவ்வொரு ஜன்னலையும் அளந்தார். ஏணியில் ஏறிப் பலகையைப் பார்த்துவிட்டு இறங்கினார். அறிக்கையில் கூரைக்கு நேரே "இன்சுலேஷன் இல்லை (அனுமானம்)" என்று இருக்கிறது. முழங்காலில் நின்று என் கையாலேயே உருட்டி விரித்ததை இல்லை என்று எழுதினால் மனம் எப்படிப் பொறுக்கும்?

2030க்குள் வாடகை வீடுகள் சி தரத்துக்கு வர வேண்டும் என்கிறார்கள். ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் கருவி) போட்டால் சி நிச்சயம் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். கூரையின் உட்புறம் முழுவதும் நுரை அடித்துத் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். செலவழிக்க நான் தயார். பணத்தைத் தவறான இடத்தில் கொட்டிவிடக் கூடாது என்பதுதான் பயம்.

அளவுநாடா | நவம்பர் 8

அண்ணா, நான் ஹரோவில் இந்தச் சான்றிதழ் எழுதும் வேலைதான் செய்கிறேன். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் வந்தவரும் விதிப்படிதான் நடந்திருக்கிறார். கண்ணால் கண்டதையும் கடதாசியில் உள்ளதையும் மட்டுமே நாங்கள் பதியலாம். பலகை மூடியிருந்து, ரசீதும் இல்லையென்றால் கட்டடத்தின் வயதை வைத்து அனுமானிக்க வேண்டும். உங்களுடையது போன்ற பழைய வீட்டுக்கு அந்த அனுமானம் மிகவும் பாதகமாக விழும். இரண்டு மூன்று பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுங்கள். பாய்லர் ரசீதையும் தேடி எடுங்கள்.

அதோடு 2025 ஜூன் 15 முதல் கணக்கிடும் முறையே மாறிவிட்டது. முன்பு ஜன்னல் பரப்பைப் பெரும்பாலும் பொதுவாகக் கணித்துக்கொள்வோம். இப்போது ஒவ்வொன்றையும் அளந்தாக வேண்டும். ஆகவே 2015 புள்ளியையும் இன்றைய புள்ளியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

ஹீட் பம்ப் பற்றி ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். சான்றிதழில் பெரிதாகத் தெரியும் அந்தப் புள்ளி, வீட்டைச் சூடாக்கவும் வெந்நீருக்கும் விளக்குக்கும் ஆகும் செலவை வைத்துப் போடப்படுகிறது. மின்சாரம் யூனிட்டுக்கு காஸைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. அதனால் நல்ல ஹீட் பம்ப் போட்ட பிறகும் புள்ளி அசையாத வீடுகளை நான் கண்டிருக்கிறேன். கரியமில வாயுவைக் குறைத்தவருக்கு மதிப்பெண் இல்லை! இதைத்தான் திருத்தப் பார்க்கிறார்கள். 2024 டிசம்பரில் வந்த அரசின் கலந்தாய்வு, ஒரு புள்ளியை மட்டும் பெரிதாகக் காட்டாமல் நான்கைக் காட்ட வேண்டும் என்கிறது: செலவு, சுவர் கூரை ஜன்னல்களின் தரம், சூடாக்கும் முறை, ஸ்மார்ட் வசதி.

சட்டப்படி வாடகை வீட்டுக்கு இன்று ஈ போதும். சி பற்றிய பேச்சு புதிதல்ல. முன்பு 2025 என்றார்கள், பிறகு 2028 என்றார்கள், 2023 செப்டெம்பரில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் அதைக் கைவிட்டார். இப்போதைய அரசு 2030 என்று மறுபடி எடுத்திருக்கிறது. ஒரு வீட்டுக்கு 15,000 பவுண் வரை செலவு உச்சவரம்பு என்பது 2025இல் அது வைத்த முன்மொழிவு. எந்த முறையில் கணக்கிட்டாலும் சூட்டைப் பிடித்து வைக்கும் சுவருக்கும் கூரைக்கும் மதிப்பு உண்டு. அங்கே தொடங்குங்கள். நுரை மட்டும் வேண்டவே வேண்டாம். நுரை மூடிய கூரை மரத்தின் நிலையை யாரும் பார்க்க முடியாது என்பதால் அப்படிப்பட்ட வீட்டுக்கு மோர்கேஜ் (வீட்டுக் கடன்) தரப் பல வங்கிகள் மறுக்கின்றன.

மல்லிகைக்கொடி | நவம்பர் 9

வாடகைக்கு இருப்பவள் என்ற முறையில் ஒரு வார்த்தை, அண்ணா. குரோய்டனில் நாங்கள் இருக்கும் வீட்டின் சான்றிதழில் சி. உள்சுவரில் இன்சுலேஷன் பலகை ஒட்டியபோது சுவரின் பழைய காற்றுத் துளையையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். சமையலறையில் விசிறி இல்லை. இடியப்பம் அவித்தால் ஆவி எங்கே போகும்? டிசம்பரில் அலமாரியை நகர்த்தினால் பின்னால் கையகலத்துக்குக் கறுப்புப் பூஞ்சணம். மகனின் பள்ளிச் சட்டைக் கொலரில்கூட அந்த மணம்.

போன மாதம் வந்த தேசிய கணக்காய்வு அலுவலக அறிக்கையைப் படித்தபோது வயிறு எரிந்தது. அரசு ஏற்பாடு செய்த திட்டங்களில் வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் திருத்த வேண்டிய பெரிய குறைகள். உள்சுவரில் போட்டவற்றில் 29 சதவீதம். உங்கள் வீட்டிலும் குழந்தை இருக்கிறது. சுவரைத் தொடும் முன் காற்றுப் போக வழி செய்யுங்கள்.

ஈஸ்ட்ஹாம்வாசி | நவம்பர் 29

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. போன சனிக்கிழமை பலகைகளைக் கழற்றினேன். ஓரங்களில் நான் போட்டபடி 100 மில்லிமீட்டர் இருந்தது. பலகையின் கீழே அழுந்தி 60க்கு வந்திருந்தது, கையால் தூக்கினால் அட்டை மாதிரி. ஆக, கணிப்பாளர் எழுதியது முழுத் தவறும் இல்லை. பழையதை அள்ளிவிட்டு 270 மில்லிமீட்டருக்குப் புதிதாக விரித்து, பலகையைப் பிளாஸ்டிக் கால்களின் மேல் உயர்த்தி அடித்தேன். நேற்று மறுகணிப்பு: 58, டி.

சமையலறைக்கும் குளியலறைக்கும் விசிறி போட்டாயிற்று. குழந்தை தூங்குவது பின்னறையில்; அங்கேதான் சுவர் ஐஸ் போல இருக்கிறது. அந்த ஒரு சுவருக்கு மட்டும் மார்ச் மாதம் ஆள் பேசியிருக்கிறேன். வேலை முடிந்ததும் படத்துடன் எழுதுகிறேன்.