குட்டிகள் வந்ததிலிருந்து செல்லம்மா கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறாள்

கும்பகோணம் மாடிவீடு:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் செல்லம்மா என்று ஒரு பூனை இருக்கிறாள். ஐந்து வயது, கருத்தடை ஆனவள், வெளியே போகிற பழக்கம் இல்லை. அவள் பீரோ மேல் தூங்கினால் நாங்கள் பீரோவைத் திறக்கவே யோசிப்போம். அந்த அளவுக்கு அதிகாரம்.

போன வாரம் கீழே மளிகைக் கடைக்காரர் இரண்டு குட்டிகளை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். தாய்ப்பூனை லாரியில் அடிபட்டுவிட்டதாம். அவர் தராசிலேயே நிறுத்துப் பார்த்தோம்: ஒன்று 720 கிராம், இன்னொன்று 650 கிராம். பெரியது செவலை. சின்னது வெள்ளை, கறுப்பு, செவலை மூன்றும் கலந்தது. இரண்டுமே கடுவன் என்கிறார் கடைக்காரர். தானாகச் சாப்பிடுகின்றன, மீன் வாசனை வந்தால் தட்டுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிடுகின்றன.

என் மாமியார், "ஒண்ணா விட்டுடு, ரெண்டு நாள்ல பழகிடும்" என்று அன்று சாயங்காலமே மூன்றையும் கூடத்தில் விட்டுவிட்டார். குட்டிகள் நேராக அவளிடம் ஓடின, அம்மா என்று நினைத்திருக்கும் போல. செல்லம்மா சீறிய சீற்றத்தில் நானே பின்வாங்கினேன். அப்புறம் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் போனவள்தான். நாங்கள் தூங்கிய பிறகு வந்து சாப்பிடுகிறாள். என் கையில் குட்டி வாசனை இருந்தால் என்னைப் பார்த்தும் உறுமுகிறாள்.

வீடு சின்னது: கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, பாத்ரூம், அவ்வளவுதான். வாடகை வீடு என்பதால் கதவில் ஆணி அடிக்க முடியாது. இப்போதைக்குக் குட்டிகள் பாத்ரூமில் இருக்கின்றன. செல்லம்மாவுக்குச் சின்ன வயதில் தடுப்பூசி போட்டோம், அதற்குப் பிறகு போடவில்லை. தனி அறை இல்லாத வீட்டில் இதை எப்படிச் செய்வது? அவள் இவர்களை ஏற்றுக்கொள்ளவே மாட்டாளா?

திண்டுக்கல் மணி:

ரொம்ப யோசிக்காதீங்க. எங்க வீட்டில் வந்ததையெல்லாம் அப்படியே சேர்த்துத்தான் விட்டோம். நாலு அடி வாங்கினதும் குட்டிகளுக்குப் புத்தி வந்துடும். உங்க மாமியார் சொல்றதுதான் சரி.

பாளை பெரியம்மா:

மணி தம்பி, உங்கள் வீட்டில் தோட்டம் இருக்கிறதா? வெளியே போய்வருகிற பூனை கோபம் வந்தால் எதிர்வீட்டுச் சுவரில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாடிவீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனைக்குக் கட்டிலின் அடியை விட்டால் வேறு போக்கிடம் ஏது?

கும்பகோணத்துத் தங்கச்சி, நட்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் நோயைப் பாருங்கள். தெருவிலிருந்து வந்த குட்டிகளை இரண்டு வாரமாவது செல்லம்மாவோடு கலக்காமல் வைத்திருக்க வேண்டும். நான் பயப்படுவது பூனைகளுக்கு வரும் பார்வோவுக்கு. பேன்லூகோபீனியா என்றும் டாக்டர்கள் சொல்வார்கள். அந்தக் கிருமி உடம்புக்குள் போய் ஒரு வாரம் வரை வெளியில் எதுவும் தெரியாது. ஓடி விளையாடுகிற குட்டி திடீரென்று வாந்தி எடுத்து, சோற்றைத் தொடாமல், தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும். அப்படிப் பார்த்தால் காலை வரை காத்திருக்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அது தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், உங்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டு செல்லம்மாவிடமும் போகும். குட்டிகளைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பாத்ரூமுக்கென்று ஒரு பழைய நைட்டி, ஒரு ஜோடி செருப்பு தனியாக இருக்கட்டும். உங்கள் கையைப் பார்த்து அவள் உறுமுவதும் பாதி குறைந்துவிடும்.

அந்த எடையைப் பார்த்தால் ஏழு வாரம் இருக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ என்று ஒரு மனக்கணக்கு உண்டு, மெலிந்த குட்டி என்றால் வயது கொஞ்சம் கூடலாம். ட்ரைகேட் என்பது இந்தப் பார்வோவையும் தடுக்கிற பூனைத் தடுப்பூசி, முதல் ஊசிக்கு ஆறு முதல் எட்டு வாரம் சரியான வயது. அதன் பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை. போகும்போது செல்லம்மாவுக்கும் போட வேண்டுமா என்று கேளுங்கள். குடற்புழு மருந்தும் கேளுங்கள். காதில், மூக்கு ஓரத்தில் வட்டமாக முடி கொட்டியிருந்தால் காட்டிவிடுங்கள். படர்தாமரை உங்களுக்கும் ஒட்டும். தெள்ளுப்பூச்சிக்கு நாய் மருந்தை மட்டும் தடவிவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போய்விடும்.

இன்னொன்று, கடைக்காரரிடம் சொல்லுங்கள்: மூன்று நிறமும் கலந்த பூனை கடுவனாக இருப்பது மிக மிக அபூர்வம். அது பெட்டைதான்.

அந்த இரண்டு வாரம் நோயில்லாமல் கழிந்த பிறகு அறிமுகத்துக்கு வருவோம். கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் மூக்கால் பழக வேண்டும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து இரண்டு துண்டு எடுங்கள். ஒன்றால் குட்டிகளின் கன்னத்தைத் தடவி, செல்லம்மா சாப்பிடுகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். சீறினால் சீறட்டும், அதட்டாதீர்கள். 'கிட்டே வராதே' என்று அவள் சொல்வதற்கு அதை விட்டால் வேறு மொழி இல்லை. அவள் கன்னத்தைத் தடவிய துணி குட்டிகளிடம் போகட்டும். துணியை முகர்ந்துவிட்டுச் சும்மா நடந்துபோனால் அடுத்த கட்டம்: மூடிய கதவின் இந்தப் பக்கம் அவள் தட்டு, அந்தப் பக்கம் குட்டிகளின் தட்டு. முதலில் தூரத்தில் வையுங்கள். தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்தால் மட்டும் அடுத்த வேளைக்கு ஒரு சாண் கிட்டே நகர்த்துங்கள். அவளுக்கு உயிரான சாப்பாடு எதுவோ அதை இந்த நேரத்துக்கு மட்டும் கொடுங்கள். எங்கள் வீட்டில் அது உப்பில்லாமல் அவித்த நெத்திலி.

ஒரு முழு நாள் அவள் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பூனைகள் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்புப் படிந்துவிடும், பருமனான பூனை என்றால் இன்னும் ஆபத்து. கோபத்தில் சாப்பிடாமல் இருக்கிறது, பசித்தால் வரும் என்று விட்டுவிடக் கூடாது.

சேலையூர் மூன்று பூனை:

பெரியம்மா சொன்னதோடு, இடப் பிரச்சினைக்கு மட்டும் ஒரு யோசனை. நானும் ஒரு படுக்கையறை வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். குட்டிகளைப் பாத்ரூமில் வைக்காதீர்கள். எப்போதும் ஈரம், நீங்களும் ஆளாளுக்குப் போய்வருவீர்கள், கலக்காமல் வைக்கவே முடியாது. அவர்களைப் படுக்கையறைக்கு மாற்றிவிட்டுச் செல்லம்மாவுக்குக் கூடத்தையும் சமையலறையையும் விட்டுவிடுங்கள். கூடத்தில்தான் ஜன்னலும் பீரோவும் இருக்கும், அது அவள் கையில் இருக்கட்டும். பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டால் ஏற வசதி.

தடுப்பூசி, இரண்டு வாரம் எல்லாம் முடிந்ததும் படுக்கையறை நிலையில் கொசுவலைத் திரை மாட்டுங்கள். வெல்க்ரோவில் ஒட்டுவது, நடுவில் காந்தம் இருக்கும், ஆணி வேண்டாம். நன்றாகப் பழகும் வரை கீழ்ப்பாதியில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினேன். முதலில் கால்கள் மட்டும் தெரியும், அப்புறம் முகம். ஆள் இல்லாத நேரத்தில் வலையை நம்ப வேண்டாம், கதவைச் சாத்திவிடுங்கள். குட்டிகள் வலையில் ஏறிக் கிழிக்கும், அதற்கு மட்டும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு குட்டிகளாக வந்தது ஒரு வகையில் உங்கள் அதிர்ஷ்டம். ஒன்றாக இருந்தால் நாள் முழுக்கச் செல்லம்மாவின் வாலைத்தான் பிடிக்கும். இரண்டும் ஒன்றையொன்று உருட்டிக் களைத்த பிறகு, வயிறும் நிறைந்த பிறகு, திரையைத் திறந்து பார்க்க விடுங்கள்.

கும்பகோணம் மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி. சில வாரம் ஆகிவிட்டது, நிலவரம் சொல்கிறேன்.

டாக்டர் மூன்று வண்ணத்தைப் பெட்டை என்று உறுதி செய்துவிட்டார். கடைக்காரர் இன்னும் நம்பவில்லை. செவலைக்கு வயிறு நிறையப் புழு. ஊசிகள் ஆரம்பித்தாகிவிட்டது, செல்லம்மாவுக்கும் போட்டாயிற்று. கொசுவலையில் இரண்டாம் நாளே ஓட்டை.

நெத்திலி எங்கள் வீட்டிலும் எடுபட்டது. இப்போது வலைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் ஒரு முழம்கூட இல்லை. நேற்று திரையைத் திறந்து விட்டோம். செவலை பக்கவாட்டில் குதித்துக் குதித்துப் போனான். ஒரு அறை விட்டாள், நகம் வெளியே வரவில்லை. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் பீரோ மேல் ஏறிக்கொண்டாள். மாமியார், "பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்" என்கிறார். என்னத்தைச் சொல்ல!

ஒரு புதுப் பிரச்சினை. செல்லம்மா இரண்டு முறை சமையலறை மிதியடியில் மூத்திரம் போயிருக்கிறாள், இத்தனை வருடத்தில் இல்லாத வழக்கம். மணல் தட்டு பழைய இடத்தில்தான், படுக்கையறைக் கதவோரம் இருக்கிறது. குட்டிகள் வந்த பிறகு மாமியார் இரண்டு வேளையும் பினாயில் போட்டுத் துடைக்கிறார்.

பாளை பெரியம்மா:

நகம் நீட்டாமல் அடித்தாள் என்றால் பாடம் நடத்துகிறாள், தலையிடாதீர்கள். கண் இமைக்காமல் முறைத்து, வால் பருத்து, விரட்டிக்கொண்டே போனால் மட்டும் நடுவில் ஒரு அட்டையை நீட்டி மறையுங்கள். கையை விடாதீர்கள்.

மூத்திரத்துக்கு முதலில் டாக்டரைப் பாருங்கள். மனக்கலக்கத்தில் பூனைக்கு மூத்திரப்பை வீங்கிப் புண்ணாவது உண்டு. அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போகிறதா, ரத்தம் தெரிகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். கடுவனுக்கு மூத்திரம் அடைத்தால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து, செவலை வளர்ந்த பிறகு இது நினைவில் இருக்கட்டும்.

அது இல்லையென்றால் தட்டு இருக்கிற இடம்தான் காரணம். அந்தக் கதவோரம் இப்போது எதிரிகளின் வாசல், அங்கே போய் அவள் எப்படி உட்காருவாள்? கூடத்தின் மறுகோடியில் இன்னொரு தட்டு வையுங்கள். மூன்று பூனைக்கு நான்கு தட்டு என்பார்கள். உங்கள் வீட்டில் மூன்று வைக்க இடம் கிடைத்தால் போதும், ஒரே மூலையில் மட்டும் வரிசையாக வைக்காதீர்கள்.

பினாயிலை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கறுப்பு பினாயிலில் இருக்கும் பீனாலைப் பூனையின் ஈரலால் உடைத்து வெளியேற்ற முடியாது. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். வெள்ளையும் பூனை இருக்கிற வீட்டுக்கு ஆகாது. மாமியாருக்குத் திருப்தி வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொரு தடவை துடைக்கட்டும்.

அப்புறம், மூன்று வண்ணக்காரிக்கும் செவலைக்கும் கருத்தடை எப்போது என்று அடுத்த ஊசிக்குப் போகும்போதே கேட்டு நாள் குறித்துவிடுங்கள். பெட்டை நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம், அண்ணன் தங்கை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது.